கன்று எண் 4117

ஒரு காட்டில் (காடு என்று நானாகச் சொல்லவில்லை, கம்பெனி அறிக்கையின் அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது) சிலம்பாயி என்றொரு அழுங்கு இருந்தாள். அழுங்கு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், எறும்புத்தின்னி. நீள மூக்கு, பல் கிடையாது, உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரி செதில். புலி வந்தால் அது சண்டை போடாது, ஓடவும் ஓடாது. தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைச் சுற்றிப் போட்டுப் பந்தாகிவிடும். புலி உருட்டிப் பார்க்கும், நக்கிப் பார்க்கும், ஒரு கடி கடித்துப் பல் வலித்ததும் "சனியன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டும். பரம்பரை பரம்பரையாக இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு அழுங்குக் கூட்டம் பிழைத்து வந்தது.

அப்புறம் காட்டுக்குள் ரோடு வந்தது. ரோட்டில் லாரி வந்தது. லாரிக்கு நக்கிப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

லாரிகளெல்லாம் ஏழுகுன்று ஜல்லி நிறுவனத்துடையவை. முதலாளி ஒரு கரடி. அவர் எங்கேயோ குளிர்ந்த ஊரில் இருந்தார், அவர் படம் மட்டும் அலுவலகத்தில் இருந்தது. நிறுவனம் தொடங்கியபோது அங்கே நிஜமாகவே ஏழு குன்று இருந்ததாம். இப்போது நாலரை. பெயரை மாற்றினால் பலகை, ரசீது, லாரிக் கதவு எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். குன்றுகளை உடைப்பதற்கு ஒரு பிரிவு இருந்தது, உடைத்துக்கொண்டே பூமியைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு பிரிவு இருந்தது. இரண்டாவதன் பெயர் நிலைத்த வளர்ச்சிப் பிரிவு. அதற்குத் தலைமை தவமணி என்கிற கொக்கு. வெள்ளை வெளேரென்று, ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டே நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்பார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நிறுவன வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண். காவல்கார நாய் தினமும் காலையில் அதில் ஒன்றைக் கூட்டி எழுதும். போன மாசியில் சிலம்பாயியின் புருஷன் கீழ்வளைவில் லாரிச் சத்தம் கேட்டு, பரம்பரை வழக்கப்படி சுருண்டான். பிறகு எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை அவள் வாசலுக்குப் போனபோது 211 என்றிருந்த எண் 212 ஆகியிருந்தது. போனவர் நிறுவன ஊழியர் இல்லை, இடமும் வாசலுக்கு வெளியே, அதனால் அது விபத்துக் கணக்கில் வராது என்று நாய் மரியாதையாகத்தான் சொன்னது. புருஷன் போனதை அவள் அழுது தீர்த்தாள். அந்த ஒன்று கூடினது மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை.

அவளுக்கு ஒரே மகள், நாச்சி. அழுங்குக் குட்டி தாயின் வால்மேல் ஏறிக்கொண்டுதான் ஊர்வலம் போகும். இந்தப் பக்கத்துப் புற்றெல்லாம் கல்தூசி மூடிப் பாழாகிவிட்டது. தின்கிற கரையான் அத்தனையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் செம்மேட்டில். ஆகவே தினமும் அந்தி சாய்ந்ததும் (அழுங்குக்கு அப்போதுதான் விடியும்) நாச்சியை வாலில் ஏற்றிக்கொண்டு சிலம்பாயி ரோட்டைக் கடப்பாள். காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓட்டம். ஆனால் குட்டி என்றைக்கும் குட்டியாகவே இருக்குமா? நாச்சி புரட்டாசியிலேயே பூசணிக்காய் கனம் கனத்தாள். ஒருநாள் பாதி ரோட்டில் தாயின் வால் தாங்காமல் சரிந்துவிட்டாள். அன்று லாரி வரவில்லை, பிழைத்தார்கள். இனிமேல் அவள் தன் காலால்தான் கடக்க வேண்டும் என்று சிலம்பாயிக்குப் புரிந்துபோனது.

அவள் பயிற்சி கொடுத்துப் பார்த்தாள். வீட்டு வளைக்கு வெளியே தரையில் இரண்டு கோடு போட்டு, அதுதான் ரோடு என்றாள். நாச்சி நடந்து நடுவுக்கு வந்ததும் பழைய தகரத்தைத் தட்டி, "ஓடுடி" என்பாள். தகரம் சத்தம் போடும், நாச்சி உருண்டையாகிவிடுவாள். மறுபடி தட்டுவாள், மறுபடி உருண்டை. பத்து நாள் தட்டினாள்.

"ஓடணும்னுதாம்மா நெனச்சேன்" என்றாள் நாச்சி, வயிற்றுக்குள்ளிருந்து. "நெனச்சு முடிக்கிறதுக்குள்ள சுருண்டுட்டேன்."

"உங்கப்பனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்" என்றாள் சிலம்பாயி. தகரத்தை எறிந்துவிட்டு, மனு எழுதக் கிளம்பினாள்.

மனு எழுதுவது அவளுக்குப் புதிதில்லை. புருஷன் போன மறுவாரத்திலிருந்தே கீழ்வளைவில் ஒரு வேகத்தடை போடச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம், எட்டு மனு, எல்லாம் கிணற்றில் போட்ட கல். இந்தத் தடவை நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். குறை கேட்கும் நேரம் பகல் பதினொன்று முதல் ஒன்று வரை. அழுங்குக்கு அது நடுச்சாமம் மாதிரி. கண்ணைக் கசக்கிக்கொண்டு, தட்டுத் தடுமாறி, இரண்டு மரத்தில் முட்டிக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே மனு வாங்கும் எழுத்தர் சாத்தையா என்கிற தேவாங்கு. தேவாங்கும் இருட்டில் விழிக்கிற சாதிதான். அவனைப் பகல் வேலைக்கு எடுத்தவன் எந்தப் புண்ணியவானோ தெரியவில்லை. மேசையைக் கட்டிக்கொண்டு, கண் இரண்டும் தட்டு மாதிரி திறந்திருக்க, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். சிலம்பாயி செருமினாள். அவன் தலையை நிமிர்த்துவதற்குள் சுவரில் நிழல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

"ஒன்பதாவது மனுவாக்கா?" என்றான் பாவமாக. "உள்ள போங்க. மேடம் நிக்கிறாங்க."

தவமணி மேடம் ஒற்றைக் காலில் நின்றார். சிலம்பாயி எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனைச் சொன்னாள், நாச்சியைச் சொன்னாள், தகரத்தைக்கூடச் சொன்னாள். மேடம் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா" என்றார். "ஆனா நீங்க கொஞ்சம் பெருசா யோசிக்கணும். வேகத்தடை போட்டா லாரி நின்னு நின்னு போகும். நின்னு நின்னு போனா டீசல் புகை கூடும். புகை கூடினா நம்ம பசுமை அறிக்கையில காத்துக்கு மார்க் குறையும். உங்க ஒரு குடும்பத்துக்காக இந்த உலகத்துக் காத்தையே கெடுக்கச் சொல்றீங்களா?"

சிலம்பாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் அப்படி நினைக்கவே இல்லை. காற்றிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலத் தோன்றியது. கதவுவரை போனவள்தான் திரும்பி, "அப்ப எம் பொண்ணு?" என்றாள்.

"அதுக்குத்தானே சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடப் போறோம்" என்றார் மேடம். "அவசியம் வாங்க. குட்டியையும் கூட்டிட்டு வாங்க. குட்டிங்க இருந்தா படம் நல்லா வரும்."

சாலைப் பாதுகாப்பு வாரம் அமர்க்களமாக நடந்தது. குறையே சொல்ல முடியாது. முதல் நாள் உறுதிமொழி. இரண்டாம் நாள் ஓவியப் போட்டி. மூன்றாம் நாள் எல்லோருக்கும் இலவசத் தலைக்கவசம். சாரைப்பாம்புக்கும் ஒன்று கொடுத்தார்கள், அது உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டு, வீடு கிடைத்ததென்று வாழ்த்தியது. உடம்பெல்லாம் கவசமாகவே பிறந்த சிலம்பாயிக்கும் ஒன்று மாட்டிப் படம் எடுத்தார்கள். கடைசி நாள் பேரணி. ஒரு மணி நேரம் லாரிகளை நிறுத்திவிட்டு, அத்தனை பிராணிகளும் 'வேகம் விவேகமல்ல' என்று பதாகை பிடித்துக்கொண்டு அந்த ரோட்டிலேயே நடந்தன. நாச்சி வாழ்க்கையில் முதல்முறையாக ரோட்டைத் தன் காலால் தொட்டது அன்றைக்குத்தான். படம் எடுத்து முடிந்ததும் விசில் ஊதினார்கள். ஒரு மணி நேரம் சும்மா நின்ற லாரிகள், விட்ட நடையைப் பிடிக்க அன்றைக்கெல்லாம் இரட்டை வேகத்தில் பறந்தன. அன்று சிலம்பாயியும் நாச்சியும் பட்டினி.

மறுநாள் அந்தியில் சிலம்பாயி கீழ்வளைவில் புதரோரமாக உட்கார்ந்திருந்தாள். நாச்சியை வளையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். தான் மட்டும் போய், வாய் கொள்ளும் அளவு கரையானைக் கொண்டுவந்து ஊட்ட முடியுமா என்று பார்க்கத்தான் வந்தாள். அழுங்கு எதையும் வாயில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சரித்திரம் இல்லை. நாக்கில் ஒட்டினது நேரே வயிற்றுக்குத்தான் போகும். பெற்ற மனம் அதையும் யோசித்துப் பார்க்கிறது, என்ன செய்வது.

அப்போது காற்று வீசியது. ரோட்டோரத்தில் நிறுவனம் நட்டிருந்த மரக்கன்று ஒன்று வேரோடு சாய்ந்து ரோட்டில் விழுந்தது. வளைவில் லாரி வந்தது. வந்த வேகத்துக்கு, கன்று சட்னிதான் என்று சிலம்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். கிறீச்சென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், லாரி நிற்கிறது.

ஓட்டுநர் ஒச்சப்பன் கீழே குதித்தான். காட்டுப்பன்றி, தடித்த ஆள், இரண்டு கண்ணும் கோவைப்பழம். பெற்ற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கன்றைத் தூக்கினான். மூக்காலேயே குழி பறித்து நட்டான். தன் குடிநீர் பாட்டிலைத் திறந்து, தான் குடிக்காமல், அதற்கு ஊற்றினான். பிறகு கன்றோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்தான்.

சிலம்பாயி புதரை விட்டு வெளியே வந்தாள். "ஏன் தம்பி, செடிக்கா வண்டிய நிறுத்தின?"

"செடியில்லக்கா, நம்பர்" என்று அவன் கன்றின் கழுத்தில் தொங்கிய தகட்டைக் காட்டினான். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நகரத்துலருந்து ஆய்வாளர் வந்து எண்ணுவார். ஒண்ணு கொறஞ்சாலும் யார் வண்டி, எத்தன மணின்னு நோண்டி எடுத்து, அன்னைக்கே சாவியப் பிடுங்கிருவாங்க."

"எங்க மேல ஏத்தினா?"

ஒச்சப்பன் தரையைப் பார்த்தான். "உங்களுக்கு நம்பர் இல்லையேக்கா" என்றான். குரலில் ஏளனம் கிடையாது, உள்ளதைச் சொன்னான்.

அன்றைக்குச் சிலம்பாயி கரையானைப் பற்றி மறந்தேபோனாள். எட்டு மாதமாக எந்தக் கதவைத் தட்ட வேண்டுமோ அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கதவைத் தட்டியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் பதினொரு மணிக்கு, தூக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாத்தையா முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, மனு இல்ல. மரக்கன்னு பதியணும்."

சாத்தையா ஒரு படிவத்தை எடுத்தான். எடுத்து மேசையில் வைப்பதற்குள் அவள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தாள்.

"இனம்?"

"நாச்சி."

"அது பேருக்கா. இனம். வேம்பா, புங்கமா?"

"இந்த ரோட்டோரத்துல எது சாகாம நிக்குது?"

"புங்கம்."

"அப்ப புங்கம்."

"ஒயரம்?"

"நாலு கால்ல நின்னா ஒரு முழம். எந்திரிச்சு நின்னா ரெண்டு."

சாத்தையாவின் பேனா நின்றது. அவன் மெதுவாக நிமிர்ந்து, அந்தப் பெரிய கண்ணால் அவளைப் பார்த்தான். பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைதானே. மறுபடி குனிந்து எழுதினான்.

"நட்ட இடம்?"

"கீழ்வளைவு. சாயந்தரம் வரைக்கும் இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம்."

"படர்ந்து வளரும் இனம்னு போட்டுக்கறேன். நீர் ஊத்துறவர்?"

"நான்தான். இப்பத்தான் பால்குடி மறந்துச்சு."

"மேடம் இதெல்லாம் படிப்பாங்களா?" என்று சிலம்பாயி பயத்தோடு கேட்டாள். சாத்தையா சிரித்தான். அந்தச் சிரிப்பு வாய்க்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கடைசி வரியத்தான் பார்ப்பாங்க. நட்டாச்சா, இல்லையா. இந்த மாசக் கடைசிக்குள்ள நாலாயிரத்து இருநூறு வேணும். பாறையில எங்கக்கா நடறது? நீங்க பத்துப் பிள்ள பெத்திருந்தாலும் பதிஞ்சு தந்திருப்பேன்."

பதிந்ததற்கு அவன் கொடுத்தது, ஒரு மண்பையில் சின்னப் புங்கன்கன்று, அதன் கழுத்தில் பளபளவென்று ஒரு தகடு, எண் 4117. சிலம்பாயி வீட்டுக்குக் கொண்டுபோய், கொடியால் நாச்சியின் முதுகில் இறுக்கிக் கட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"இனிமே நீ மரம். யாராவது கேட்டா அசையாம நில்லு."

"நடக்கும்போது?"

"காத்துன்னு சொல்லு."

அன்றைக்குத்தானா ஆய்வாளர் வர வேண்டும்? நகரத்திலிருந்து வந்திருந்தார், ஒரு வெள்ளாடு. தாடி, தோல் பை, கழுத்தில் அடையாள அட்டை. நிறுவனத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் கையில். காலையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். தவமணி மேடம் கூடவே ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு குடை பிடித்து வந்தார். எண்ணினால் மட்டும் போதுமா, கன்று நிஜமா பொம்மையா என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஆய்வாளர் வரிசைக்கு ஒரு கன்றை மாதிரி பார்த்தார். மாதிரி பார்ப்பது என்றால், தின்று பார்ப்பது. மதியத்துக்குள் நல்ல மாதிரியாகப் பார்த்திருந்தார். இருந்தாலும் புங்கன் கொழுந்தைக் கண்டால் அவருக்கு மறுபடியும் ஆய்வு செய்யத் தோன்றும்.

அவர்கள் கீழ்வளைவுக்கு வந்து சேர்ந்தபோது அந்தி. அதே நேரத்தில் சிலம்பாயி நாச்சியைப் புதரோரமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். காதைத் தீட்டிக் கேட்டாள். சத்தமில்லை.

"போ" என்றாள். "ஓட வேண்டாம். பராக்குப் பார்க்காம நட."

நாச்சி ரோட்டில் கால் வைத்தாள். முதுகில் கன்று ஆடியது. தாய் பின்னாலேயே வரவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகச் சுருண்டால் அப்புறம் அந்த வீட்டில் யார் மிச்சம் என்று புதரிலேயே நின்றாள். நாச்சி நாலு அடி, ஐந்து அடி போயிருப்பாள். வளைவின் ஓரத்தில் நின்ற ஆய்வாளர் கண்ணில், கொழுகொழுவென்று தனியாக நடந்துபோகிற ஒரு புங்கன்கன்று பட்டது. அவர் ஆச்சரியப்படவில்லை, அவருக்குப் பசித்தது. குடைக்கு வெளியே கழுத்தை நீட்டி, இரண்டு எட்டு வைத்து, பின்னாலிருந்து வாயை வைத்தார்.

முதுகில் ஏதோ பிடித்து இழுக்கிறது. அவ்வளவுதான் நாச்சிக்குத் தெரியும். பரம்பரை வேலை செய்தது. ரோட்டின் நட்ட நடுவில், சரியாக அப்பன் சுருண்ட இடத்தில், அவள் பந்தானாள். ஆய்வாளர் கடைசி இலையை உருவிக்கொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினார். வளைவுக்கு அப்பால் லாரிச் சத்தம் கேட்டது.

சிலம்பாயிக்குத் தகரம் தட்டின பத்து நாளும் கண்முன் ஓடியது. ஓடிப்போய் மகள்மேல் கவிழ்ந்துகொள்ளலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தாள், அதற்குள் அவள் உடம்பே அவளை மோசம் செய்தது. புதரோரத்திலேயே அவளும் உருண்டையாகிவிட்டாள். வயிற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளியே என்ன நடக்கிறது என்று காதால் மட்டும் கேட்டாள். லாரி வந்தது. கிறீச்சென்றது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒன்றும் கேட்காத நேரம் இருக்கிறதே, அதை நான் விவரிக்க மாட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஒச்சப்பன் குரல் கேட்டது. "நம்பர் மின்னுச்சு மேடம், அதான் மிதிச்சேன். ஒரு சாண் இருக்கு, பாருங்க."

சிலம்பாயி தலையை வெளியே எடுத்தாள். லாரிச் சக்கரத்துக்கும் நாச்சிக்கும் நடுவே நிஜமாகவே ஒரு சாண்தான் இருந்தது. தவமணி மேடம் இரண்டு காலாலும் ஓடிவந்தார். அவருக்கு இரண்டாவது கால் இருப்பதையே அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். நாச்சியைத் தாண்டி, அவள் முதுகில் இருந்த மண்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கன்னுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். கண்ணில் உண்மையாகவே தண்ணீர்.

கன்றில் ஓர் இலைகூட இல்லை. வெறும் குச்சி நின்றது. எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள். ஆய்வாளர் பையைத் திறந்து, குறிப்பேட்டை எடுத்து, சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்.

"கன்று எண் 4117. இலைகள் முழுவதும் இழப்பு. காரணம், கனரக வாகனப் போக்குவரத்து. பரிந்துரை, நாளைக்குள் வேகத்தடை. தவறினால் சான்றிதழ் இல்லை."

அவர் தாடியில் பச்சையாக ஒரு காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சிலம்பாயி அதைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. உண்மையைச் சொல்லி எழுதிய எட்டு மனுவையும் நினைத்துக்கொண்டாள். "அய்யா நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் மதியத்துக்குள் கீழ்வளைவில் வேகத்தடை எழும்பிவிட்டது. ஒன்று இல்லை, மூன்று. பக்கத்தில் மஞ்சள் பலகை வேறு. 'கன்றுகள் கடக்கும் இடம். மெதுவாகச் செல்லவும்.' அப்படியானால் டீசல் புகை கூடாதா என்று சாத்தையா அப்பாவியாகக் கேட்டதற்கு, "அதத்தான் கன்னுங்க உறிஞ்சிக்குமே" என்றார் மேடம்.

சங்கதி காட்டில் பரவ எவ்வளவு நேரம்? அந்த வாரத்திலேயே முயல் நெல்லியாகப் பதிந்துகொண்டது. மிளா மான் தேக்கானது. உடும்பு, தனக்கு மரம் என்றாலே ஆகாது, கொடியாகப் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டது. முள்ளம்பன்றியை மட்டும் சாத்தையா நேரில் பார்த்ததும் மறுகேள்வி கேட்காமல் இலந்தை என்று எழுதிவிட்டான். நட்ட கன்றில் ஒன்றுகூடப் பட்டுப்போகாத ஒரே நிறுவனம் என்று ஏழுகுன்றுக்கு நகரத்தில் விருது கொடுத்தார்கள். தானே தண்ணீர் குடிக்கிற, தானே ஆட்டுக்கு ஒதுங்குகிற அபூர்வ ரகம் என்று மேடம் மேடையில் பேசினாராம்.

நாச்சி இப்போது தினமும் தன் காலால் கடக்கிறாள். லாரி சத்தம் கேட்டால் இன்றைக்கும் நடுரோட்டில் சுருளத்தான் செய்கிறாள். லாரி நிற்கும். அவள் ஆற அமர அவிழ்ந்து, சோம்பல் முறித்து, போவாள். நாலைந்து நாள் பார்த்தபிறகுதான் சிலம்பாயிக்கு நெஞ்சு படபடப்பு அடங்கியது.

ஒருநாள் அந்தியில் அப்படி நின்ற லாரி ஒச்சப்பனுடையது. நாச்சி அவிழ்வதற்குள் அவன் தலையை வெளியே நீட்டி, "அக்கா" என்றான். "மாசியில இங்க வந்த வண்டி நான் ஓட்டல. ஆனா நான் ஓட்டியிருந்தாலும் நின்னிருக்க மாட்டேன். தூங்கிட்டிருந்திருப்பேன். மூணு நடை சேர்த்து ஓட்டச் சொல்றாங்க, கண்ண மூடுறதே ரோட்டுலதான்."

சிலம்பாயி அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கும் ஒரு நம்பர் வாங்கித் தர முடியுமாக்கா?" என்றான் அவன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். சாத்தையா படிவத்தை எடுத்தான். இனம் ஆலமரம் என்று ஒச்சப்பனே உடம்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான். பெரிய இனமானதால் கூடுதலாக ஒரு கேள்வி இருந்தது.

"வேர் பிடிச்சிருக்கா?"

"பதினோரு வருசமா அந்த சீட்ட விட்டு எந்திரிச்சதில்ல சார்" என்றான் ஒச்சப்பன். "பிடிச்சிருக்கும்."

சாத்தையா முத்திரையைக் குத்தினான். புதுக்கன்றுக்கு முதல் வருடம் உச்சிவெயில் ஆகாது, ஆட்டவும் கூடாது என்பது நிறுவனத்தின் எழுதப்பட்ட விதி. ஆகவே தினமும் மதியம் கீழ்வளைவில் லாரியை ஓரங்கட்டி, தலையில் தகட்டைக் கட்டிக்கொண்டு, நிழலில் படுத்து ஒச்சப்பன் குறட்டை விடுகிறான். கடக்கிற மற்ற லாரியெல்லாம் விருது வாங்கின மரமென்று விலகிப் போகிறது. படிவத்தில் 'நீர் ஊற்றுபவர்' என்ற இடத்தில் இருப்பது சிலம்பாயியின் கைநாட்டு. ஒருநாள் தவறாமல், தூக்கக் கண்ணோடு, ஒரு குடம் கொண்டுவந்து வைக்கிறாள்.

நீதி: ரோட்டைக் கடக்கும் முன் வலது பக்கம் பார், இடது பக்கம் பார், பிறகு அறிக்கையில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்.